ஃப்ரீசருக்கு வெச்ச பொட்டு

ஆயுத பூஜை மேல எனக்கு ஒரு கோவமும் கிடையாது. இத மொதல்லயே சொல்லிடறேன். ஏன்னா இந்தக் கதைய யார்கிட்ட ஆரம்பிச்சாலும், "நீ கிறிஸ்டீன் பொண்ணு, அதான் அப்படி பேசற"ன்னு என் வாய அடைச்சிடறாங்க. எங்க வூட்லயும் ஒரு டிராக்டர் இருக்கு. ஒடுகத்தூர் பக்கத்துல எங்க ஊர் மாதா கோயிலுக்கு முன்னாடி வருஷா வருஷம் அத கழுவி நிறுத்துவோம், சாமியார் வந்து தீர்த்தம் தெளிப்பாரு. பக்கத்து வூட்டு அண்ணன் ஆயுத பூஜை அன்னிக்கு அவரு டிராக்டருக்கு பொட்டு வெச்சா, எங்க அப்பா டிராக்டருக்கும் சேத்தே ஒண்ணு வெச்சிட்டு, கையில பொரி குடுத்துட்டு போவாரு. யாருக்கும் ஒண்ணும் கொறஞ்சிடல. ஆனா எங்க சாமியாரும் சரி, அந்த அண்ணனும் சரி, தீர்த்தத்த டீசல் டேங்க்குக்குள்ள ஊத்துனது கிடையாது. என் கோவம் அங்க தான் ஆரம்பிக்குது.

ஜவ்வாது மலை மேல ஒரு காலேஜ்ல நான் எம்.எஸ்சி. படிச்சேன். உயிர்த் தொழில்நுட்பம். எங்க வகுப்புல அஞ்சு பேர் தான். எங்க எல்லாருக்கும் சேத்து ஒரே லேப், அந்த லேப்புக்கு ஒரே ஃப்ரீசர். துறைத் தலைவர் தான் எங்க அஞ்சு பேருக்கும் பிராஜெக்ட் வழிகாட்டி. அவர நாங்க சார்னு தான் கூப்புடுவோம், இங்கயும் சார்னே சொல்றேன். திருப்பத்தூர்ல வூடு. தினம் காரு ஏறி வருவாரு. வந்த ஒடனே ஃப்ரீசர் மேல கைய வெச்சு தடவிக் குடுப்பாரு, பால் கறக்கற மாட்ட தடவற மாதிரி. அப்படி தடவற மனுஷன் தான் அதுக்குள்ள இருந்தத கொன்னாரு.

ஹாஸ்டல்ல என் ரூம்மேட் மலைக்காரி. ரெண்டு மேடு தாண்டி அவ ஊரு. அவங்க வூட்ல சாமை போடுவாங்க, கொஞ்சம் மாடு கீடு உண்டு. படிப்புல எங்க அஞ்சு பேர்ல அவ தான் மொத. நான் நாலு வார்த்தை பேசினா அவ ஒண்ணு பேசுவா. அந்த ஒண்ணும் பாதி நேரம் "ம்" தான். அவளுக்கு யுனிவர்சிட்டில மொத ரேங்க் வந்தா மேல படிக்க உதவித்தொகை கிடைக்கும். எனக்கு பிராஜெக்ட் பாஸ் ஆனா போதும், வேலூர்ல ஒரு ஆராய்ச்சிக் கூடத்துல உதவியாளர் வேலை தர்றோம்னு சொல்லி வெச்சிருந்தாங்க. பாஸ் ஆகலன்னா அது இல்ல. இத மனசுல வெச்சிக்கோங்க.

எங்க பிராஜெக்ட்டுக்கு ஒரு புரதம் வேணும். நம்ம ஒடம்புக்குள்ள எந்த செல்லுல கிருமி பூந்திருக்குன்னு தடவிப் பாத்து கண்டுபிடிக்கிற காவக்கார செல் ஒண்ணு இருக்கு. டி செல்னு பேரு. அது தடவிப் பாக்கற கைக்கு ரிசெப்டார்னு பேரு. மனுஷனோட அந்த ஜீன எடுத்து, கண்ணாடிக் குடுவையில வளர்க்கற வேற செல்லுக்குள்ள வெச்சு, அந்தக் கைய மட்டும் தனியா செய்ய வெச்சு, சுத்தம் பண்ணி, காய வெச்சு, தூளா குப்பியில அடைச்சு விக்கறாங்க. நாங்க கேட்டு, காலேஜ் கையெழுத்து போட்டு, அது வந்து சேர்றதுக்குள்ள ஒரு மழைக்காலமே முடிஞ்சிடும் போல ஆயிடுச்சு. ஒரே ஒரு குப்பி. அஞ்சு பேருக்கும் அது தான்.

கூரியர்காரர் மலைக்கு மேல வர மாட்டேன்னுட்டாரு. நானும் ரூம்மேட்டும் திருப்பத்தூருக்கு போய் வாங்கினு வந்தோம். தெர்மகோல் பெட்டி, உள்ள ஐஸ் பை. பஸ்ல மடி மேல வெச்சிக்கிட்டு ஒக்காந்தோம். கண்டக்டர் வந்து, "இன்னாம்மா, மீனா? நாறிச்சுன்னா எறக்கி வுட்ருவேன்"னாரு. "மீன் இல்லண்ணா, மருந்து மாதிரி"ன்னேன். ஒவ்வொரு வளைவுலயும் நாங்க ரெண்டு பேரும் பெட்டிய கட்டிப் புடிச்சிக்கிட்டு சாய்ஞ்சோம். லேப்புக்கு வந்து தொறந்து பாத்தா குப்பிக்குள்ள ஒண்ணுமே இல்ல! வெளிச்சத்துல திருப்பித் திருப்பி பாத்த அப்புறம் தான் அடியில மூச்சு பட்ட மாதிரி ஒரு வெள்ளை. அவ்ளோ தான் இருக்கும்னு கூட வந்த காகிதத்துல போட்டிருந்துச்சு.

அத கரைச்சோம். குலுக்கக் கூடாது, நுரை வரக் கூடாது. ரூம்மேட் தான் கரைச்சா, அவ கை ஆடாது. கரைச்சத அஞ்சு பங்கு போட்டு, ஆளுக்கு ஒரு கலர் மூடி போட்ட சின்ன டியூப்ல ஊத்தி ஃப்ரீசர்ல வெச்சோம். எனக்கு பச்சை, அவளுக்கு செவப்பு. அந்தப் புரதத்துக்கு உருவம் தான் உசுரு. மடிஞ்சு மடிஞ்சு ஒரு வாகுல நிக்கும். கரைச்ச அப்புறம் அத சூட்டுல போட்டு வெச்சா மடிப்பு கலைஞ்சிடும். பாத்தா அதே தண்ணி தான். ஆனா எதையும் புடிக்காது, எதுக்கும் ஒதவாது. வேலை செய்யற அன்னிக்கு தான் வெளிய எடுக்கணும். இது சாருக்கும் தெரியும். எங்களுக்கு பாடம் எடுத்ததே அவரு தான்!

பூஜை லீவுக்கு நான் ஊருக்கு போய்ட்டேன். திரும்பி வந்து, லீவு முடிஞ்சு அன்னிக்கு தான் தொறந்த ஆபீஸ்ல மாத்து சாவி வாங்கி, லேப் கதவ தொறந்தா சாம்பிராணி வாசனை. சென்ட்ரிஃப்யூஜுக்கு பொட்டு, மைக்ராஸ்கோப்புக்கு மாலை. சரி, அழகா தான் இருக்கு. ஃப்ரீசர் பளபளன்னு இருந்துச்சு, நெத்தியில மூணு வெரல் சந்தனம், நடுவுல குங்குமம். அதுக்கு முன்னாடி ஒரு மேஜை, மேல வாழை எலை, எலையில பொரி, சுண்டல் காஞ்சி போய் கெடந்துச்சு. அதுக்கு நடுவுல, அணைஞ்சு போன வெளக்குக்கு பக்கத்துல, எங்க டியூப் ஸ்டாண்டு. அஞ்சு கலர் மூடி. ஒவ்வொரு மூடிக்கும் ஒரு பொட்டு. பிளக்கு சுவத்துல இல்ல. கீழ தொங்குது. அடப்பாவிங்களா, பிளக்குக்கும் பொட்டு வெச்சிருந்தாங்க!

நடந்தத ரூம்மேட் தான் சொன்னா. லீவுக்கு அவ ஹாஸ்டல்லயே இருந்தா. பூஜை அன்னிக்கு சார் வந்து, ஃப்ரீசர்ல ஐஸ் கட்டியிருக்கு, எடுத்துக் கழுவுங்கன்னு சொல்லியிருக்காரு. "இன்னிக்கு ஒரு நாள் மெஷினுக்கெல்லாம் ரெஸ்ட்டும்மா, ஓட வுடக் கூடாது." இவ, "சார், புரதம்"னு இழுத்திருக்கா. "நம்ம டிபார்ட்மென்ட்லயே வெலை ஒசந்தது அது தானே, அத வெக்காம வேற எத பூஜையில வெக்கறது? நாளைக்கு காலைல மறுபூஜை போட்டு எடுத்துடலாம்." பூஜையில வெச்சத மறுபூஜைக்கு முன்னாடி தொடக் கூடாது, அது எல்லாருக்கும் தெரிஞ்ச வழக்கம். கற்பூரம் காட்டி, போட்டோ எடுத்து, லேப்ப பூட்டி, சாவிய பாக்கெட்ல போட்டுக்கிட்டு திருப்பத்தூர் போய்ட்டாரு. மறுநாள் வரவே இல்ல. வூட்ல விருந்தாளியாம்! அதுக்கு மறுநாள் தான் நான் வந்தேன். ரெண்டு ராத்திரி அந்தப் புரதம் தண்ணியா கெடந்திருக்கு, மொத ராத்திரி வெளக்கு சூட்டுக்கு பக்கத்துலயே.

"ஒரு போன் பண்ணியிருக்கலாம்ல?"ன்னு நான் கத்தினேன். "டவர் இல்ல"ன்னா. அதுவும் நெசம் தான். எங்க ஹாஸ்டல்ல டவர் வேணும்னா தண்ணி டேங்க் மேல ஏறணும். மழை பெய்ஞ்சா அதுவும் கிடையாது.

சார் வந்தாரு. நான் பொறுமையா தான் ஆரம்பிச்சேன், சத்தியமா. "சார், டியூப் எல்லாம் வெளிய இருந்திருக்கு சார்." "அதனால இன்னா, திரும்ப உள்ள வெய்யி"ன்னாரு. "போச்சு சார் அது." அவரு மூஞ்சி மாறுச்சு. "இங்க பாரும்மா, உங்க பழக்கம் வேற. உனக்கு இதோட அருமை புரியாது. சாமிக்கு வெச்சது கெட்டுப் போகாது." எனக்கு தலைக்கு மேல ஏறுச்சு. அதுக்குள்ள ரூம்மேட் பின்னாடி இருந்து, எப்பவும் பேசாதவ, மெதுவா சொன்னா: "சாமியா சார் பிளக்க புடுங்குச்சு?" சார் காதுல விழாத மாதிரி போய்ட்டாரு. நான் அவள திரும்பிப் பாத்தேன். அவ டியூப் மூடியில இருந்த குங்குமத்த தொடைச்சிக்கிட்டு இருந்தா.

சரி, பாத்துடுவோம்னு செஞ்சோம். பிளாஸ்டிக் தட்டுல வரிசையா சின்னச் சின்ன குழி இருக்கும். அதுல புரதத்த ஒட்ட வெச்சு, மேல ஆன்டிபாடிய ஊத்தணும். புரதம் வாகு கலையாம இருந்தா தான் அந்த ஆன்டிபாடி வந்து புடிக்கும். புடிச்சா குழியில நீலம் வரும். ஆன்டிபாடி கீழ் ரூம் ஃப்ரிட்ஜுல இருந்துச்சு, அந்த ரூம் பூட்டியிருந்ததால பூஜைக்கு தப்பிச்சுது. என் தட்டுல ஊத்திட்டு பாத்தேன். நீலமே வரல. தண்ணி. ரூம்மேட் தட்டுலயும் தண்ணி. மத்த மூணு பேருக்கும் அதே தண்ணி தான். மறுபடியும் செஞ்சோம். இன்னொரு தடவை செய்யவும் சொட்டு மீதியில்ல.

இன்னொரு குப்பி கேட்டோம். "மேல இன்னா காரணம் எழுதறது?"ன்னு சார் கேட்டாரு. பூஜைன்னு எழுத அவருக்கு கை வரல. அப்புறம் எங்க அஞ்சு பேரையும் ரூமுக்கு கூப்புட்டு, கதவ சாத்தி, குப்பியோட வந்த கம்பெனி காகிதத்த மேஜை மேல வெச்சாரு. அதுல ஒரு கிராஃப் அச்சடிச்சிருந்துச்சு, நல்ல புரதம் எப்படி புடிக்கும்னு காட்டறதுக்கு. அழகா மேல ஏறி வளையிற கோடு. "வர வேண்டியது இது தான்னு ஒலகத்துக்கே தெரியும். இத பாத்து நம்பர் போட்டுக்கோங்க. அப்படியே போடாதீங்க, அங்க இங்க கொஞ்சம் ஆட்டி போடுங்க. இதுல யாரும் நஷ்டப்படப் போறதில்ல."

எவ்ளோ சாதாரணமா சொன்னாரு தெரியுமா! கறிக்குழம்புல உப்பு கொஞ்சம் சேத்துக்கோன்னு சொல்ற மாதிரி. ரெண்டு வருஷமா எங்களுக்கு ஆராய்ச்சி ஒழுக்கம்னு ஒரு பேப்பரே நடத்துன ஆளு. அதுல நான் நல்ல மார்க் வேற வாங்கினேன், எனக்கே சிரிப்பா வருது. "நான் போட மாட்டேன் சார்"னு சொல்லிட்டு வெளிய வந்துட்டேன். என் பின்னாடி யாராவது வர்றாங்களான்னு பாத்தேன். கதவு சாத்திக்கிச்சு.

ரூம்மேட் போட்டா. என் கண்ணு முன்னாடி, எங்க ரூம்ல, கட்டில் மேல லேப்டாப்ப வெச்சிக்கிட்டு நம்பர் போட்டா. "ஏன்டி, உனக்கு வெக்கமா இல்ல?"ன்னு கேட்டேன். திட்டினேன், நல்லா திட்டினேன். அவ தலைய தூக்காம, "உனக்கு வேலூர் போவலன்னா ஒடுகத்தூர் இருக்கு. எனக்கு இது போச்சுன்னா சாமைக் காடு தான்"னா. ரொம்ப நாள் நாங்க பேசிக்கல. ஒரே ரூம்ல ரெண்டு சொவுரு மாதிரி இருந்தோம்.

டேங்க் மேல ஏறி எங்க அம்மாவுக்கு போன் போட்டு ஒப்பாரி வெச்சேன். எங்க அம்மா ஒடுகத்தூர் சந்தையில மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, யாவாரம் பண்றவ. எல்லாத்தையும் கேட்டுட்டு, "உன் தட்டுல இன்னா கீது?"ன்னா. "தண்ணிம்மா." "அப்ப தண்ணின்னு எழுது. இதுக்கு ஏன்டி டேங்க் மேல ஏறி கத்தற, வழுக்கி வுழுந்துடப் போற, எறங்கு மொதல்ல"ன்னு வெச்சிட்டா.

எழுதினேன். கிராஃபுன்னு ஒரு கோடு, தரையோட தரையா. செய்முறை எழுதற எடத்துல, ஆயுத பூஜைக்காக ஃப்ரீசர் ரெண்டு ராத்திரி நிறுத்தி வெக்கப்பட்டுச்சு, புரதம் வெளிய இருந்துச்சு, அதுக்கப்புறம் அது எதையும் புடிக்கலன்னு இங்கிலீஷ்ல ஒரே வரி. சார் அந்த வரிய செவப்பு மையில சுழிச்சு, எடுன்னாரு. "எடுத்துட்டா ஏன் வரலன்னு கேட்டா இன்னா சார் சொல்றது?" "உன் கை சரியில்லன்னு சொல்லு." வரிய எடுக்காம திரும்பத் திரும்ப கொண்டு போய் வெச்சேன். கடைசி நாள் வரைக்கும் இழுத்தடிச்சிட்டு, "போடறேன். வைவால நீயே பதில் சொல்லிக்க. வேலூருக்கு எப்படி போறன்னு நானும் பாக்கறேன்"னு கையெழுத்த போட்டாரு.

வைவாவுக்கு, அதான் நேர்ல கேள்வி கேக்கற பரிட்சைக்கு, வெளியூர்ல இருந்து ஒரு மேடம் வந்தாங்க. வளைவு ஒத்துக்காம எலுமிச்சம்பழத்த மோந்துக்கிட்டே எறங்கினாங்க. சார் அவங்கள லேப்ப சுத்திக் காட்டினாரு. ஃப்ரீசர தடவி, "நம்மகிட்ட இருக்கறது இது ஒண்ணு தான் மேடம். அஞ்சு பிராஜெக்ட்டும் இதுக்குள்ள இருந்து வந்தது தான்"னு பெருமையடிச்சாரு. சுவத்துல அந்தப் பூஜை போட்டோவ பெருசாக்கி ஃப்ரேம் போட்டு மாட்டியிருந்தாரு. சார் கற்பூரம் காட்டறாரு, முன்னாடி ஃப்ரீசர், அதுக்கு முன்னாடி ஸ்டாண்டு. பிளக்கு கூட நல்லா தெரியும்.

அஞ்சு பேரையும் லேப்லயே ஒண்ணா ஒக்கார வெச்சு தான் வைவா. ரூம்மேட் மொதல்ல. மேடத்துக்கு அவ பதில் ரொம்ப புடிச்சிடுச்சு. "பிரமாதம்மா, கிராஃப் பாடப் புத்தகத்துல இருக்கற மாதிரி இருக்கு"ன்னாங்க. பின்ன, எங்க இருந்து வந்துச்சோ அது மாதிரி தானே இருக்கும்! அடுத்த மூணும் பிரமாதம். கடைசியா என்னுது. மேடம் பக்கத்த புரட்டிப் புரட்டி பாத்தாங்க. "எல்லாருக்கும் வந்திருக்கு. உனக்கு மட்டும் ஏம்மா வரல?"

"எழுதியிருக்கேன் மேடம்"னு அந்த வரிய காட்டினேன். மேடம் படிச்சிட்டு நிமிர்ந்தாங்க. "ஃப்ரீசர் ஒண்ணு தான்னு தானே சார் சொன்னீங்க?" சாருக்கு வேர்த்துச்சு. ஆனா வாய் தெறமைய பாருங்க, ஒரு நொடி கூட ஆகல. "மேடம், இந்தப் பொண்ணு டியூப்ப வெளியவே வெச்சிட்டு ஊருக்கு போய்டுச்சு. அவ்ளோ கவனக்கொறைவு. இப்ப பூஜை மேல பழி. அவங்க பழக்கம் வேற, நான் ஒண்ணும் சொல்றதுக்கில்ல."

எழுந்து போய் சுவத்துல இருந்த போட்டோ மேல வெரல வெச்சேன். "பச்சை மூடி என்னுது மேடம். பக்கத்துலயே மத்த நாலு கலரும் இருக்கு பாருங்க. பிளக்கு தொங்குது பாருங்க. எனக்கு வரலன்னா யாருக்குமே வந்திருக்கக் கூடாது."

சார் சிரிச்சாரு. சிரிச்சாரு! "அது காலி டியூப் மேடம். பூஜைக்கு அழகா இருக்கும்னு வெச்சோம். நெசப் புரதத்த யாராவது வெளிய வெப்பாங்களா?"

மேடம் போட்டோ கிட்ட வந்து கண்ணாடிய தூக்கிட்டு பாத்தாங்க. போட்டோவுல காலி டியூப்புக்கும் தண்ணி இருக்கற டியூப்புக்கும் இன்னா வித்தியாசம் தெரியும்? வேலூர் போச்சுன்னு நெனைச்சேன். மேடம் திரும்பி வந்து ஒக்காந்து, என் ரிப்போர்ட்ட எடுத்து, பேனா மூடிய தொறந்தாங்க.

"காலி இல்ல மேடம்."

ரூம்மேட். எழுந்து நின்னுட்டா. "நான் தான் ஃப்ரீசர்ல இருந்து எடுத்து வெச்சேன். வெக்கும் போது கட்டியா இருந்துச்சு. பொட்டு வெக்கும் போது வேர்த்துச்சு. அஞ்சும் தான் மேடம்." சார் அவ பேர சொல்லி அதட்டினாரு. அவ அந்தப் பக்கம் திரும்பவே இல்ல. "எனக்கும் வரல மேடம். நான் போட்டது கம்பெனி காகிதத்த பாத்து போட்டது. பிரமாதம்னீங்களே, அது என்னுது இல்ல."

மேடம் எலுமிச்சம்பழத்த கீழ வெச்சாங்க. "அந்த நாலு ரிப்போர்ட்டையும் திரும்ப கொண்டாங்க"ன்னாங்க.

அப்புறம் நடந்தது தான் என் வயித்தெரிச்சல். நான் பாஸ். வேலூருக்கு போனேன், இன்னும் அங்க தான் இருக்கேன். அவங்க நாலு பேரும் தரையோட தரையா ஒரு கோடு போட்டு மறுபடி எழுதிக் குடுத்து, கடைசி மார்க்குல தேறினாங்க. மொத ரேங்க் வேற எவருக்கோ போச்சு, உதவித்தொகையும் அதோட போச்சு. சாருக்கு? ஒண்ணுமே இல்ல. விளக்கம் கேட்டாங்களாம், குடுத்தாராம், முடிஞ்சுதாம். இன்னும் அவரு தான் துறைத் தலைவர். எங்க அஞ்சு பேர்லயே மொதல்ல நின்னவ, அதே லேப்ல டியூப் கழுவற வேலைக்கு சேந்தா. "ஏன்டி அங்கயே?"ன்னு போன்ல கேட்டேன். "காட்டுக்கு பக்கம்"னா, அவ்ளோ தான்.

இந்த வருஷம் ஆயுத பூஜைக்கு ஒரு போட்டோ அனுப்பினா. கூட ஒரு வார்த்தை எழுதல. ஃப்ரீசருக்கு சந்தனம், குங்குமம், பெரிய மாலை. சார் கற்பூரம் காட்டறாரு, தலை நல்லா நரைச்சிடுச்சு. எலையில பொரி இருக்கு, சுண்டல் இருக்கு, டியூப் ஸ்டாண்டு இல்ல. பிளக்கு சுவத்துல இருக்கு. அத பாதி மறைச்சுக்கிட்டு, கைய கட்டிக்கிட்டு, அவ நிக்கறா.